கன்றின் வாயில் விரலை வைத்துப் பாருங்கள்: மேல்மலைத் தொழுவத்துக்கு ஒரு கைக்குறிப்பு

பூண்டும் கேரட்டும் உருளையும் போடும் குடும்பம் எங்களுடையது. தொழுவத்தில் எப்போதும் மூன்று நான்கு ஜெர்சி கலப்புப் பசுக்கள் நிற்கும். கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூர், பூம்பாறைப் பக்கமெல்லாம் ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரம். பசுவோ, ஐப்பசி மழையில் நடு ராத்திரி பார்த்துத்தான் கன்று போடும். இருட்டியபின் மூடுபனியில் டாக்டர் வந்து சேர்வதற்குள் விடிந்துவிடும். அந்த இடைவெளியில் என்ன செய்வது என்று ஒவ்வொரு ஈத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டது இது. சமவெளியில் இருப்பவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும், ஆனால் குளிர் பற்றிய பகுதி எங்கள் மலைக்காரர்களுக்குத்தான் அதிகம் உதவும்.

கன்று போடும் தேதிக்கு ஒரு வாரம் முன்பே ஒரு வாளியில் இவற்றைப் போட்டு வைத்துவிடுங்கள்: மனிதர்களுக்குப் பயன்படுத்தும் சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் (தனியாக இதற்கென்று ஒன்று), டிங்சர் அயோடின், கொதிக்க வைத்த நூல், நிப்பிள் போட்ட பால் பாட்டில், நாலைந்து ஓஆர்எஸ் பாக்கெட், காய்ந்த சணல் சாக்கு நான்கு. உருளைக்கிழங்குச் சாக்கு போதும். உரச் சாக்கு வேண்டாம், அது ஈரத்தை உறிஞ்சாது.

எந்தக் கோளாறாக இருந்தாலும் முதல் சோதனை ஒன்றுதான். கையைக் கழுவி, இரண்டு விரலைக் கன்றின் வாய்க்குள் விடுங்கள். வாய் சூடாக இருக்கிறதா, விரலைச் சப்புகிறதா? இந்த இரண்டுக்கும் விடை தெரிந்தால் அடுத்து என்ன செய்வது என்பதில் பாதி தெரிந்துவிடும். அப்புறம் தெர்மாமீட்டர் முனையில் தேங்காய் எண்ணெய் தடவி ஆசனவாயில் வைத்துப் பாருங்கள். 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை சரி.

கன்று விழுந்தது, மூச்சு விடவில்லை

முதலில் மூக்கின் மேல் சவ்வு ஒட்டியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் கிழித்துவிட்டு, மூக்கிலும் வாயிலும் இருக்கும் கோழையை விரலால் வழித்து எடுங்கள். பாதிக் கன்றுகளுக்கு இதுவே போதும்.

இன்னும் மூச்சு வரவில்லையா? காய்ந்த புல் தண்டு ஒன்றை மூக்குத் துவாரத்தில் விட்டுக் கிளறுங்கள். தும்மினால் நல்லது. சாக்கை எடுத்து விலா, முதுகு, கழுத்து என்று அழுத்தித் தேயுங்கள். பக்கவாட்டில் கிடக்க விடாமல், நெஞ்சு தரையில் படும்படி நிமிர்த்தி உட்கார வைத்து, பின்னங்கால் இரண்டையும் இரண்டு பக்கமும் முன்னால் இழுத்து விடுங்கள். இப்படி வைத்தால் இரண்டு நுரையீரலுக்கும் காற்று போகும். காதில் ஒரு கை குளிர்ந்த தண்ணீர் விட்டாலும் சில கன்றுகள் திடுக்கிட்டு மூச்சை இழுக்கும்.

எங்கள் அப்பா காலத்தில் கன்றைத் தலைகீழாகத் தூக்கிப் பிடிப்பார்கள். வாயிலிருந்து தண்ணீர் கொட்டுவதைப் பார்த்தால் வேலை நடப்பதுபோலத் தெரியும். அதில் பெரும்பகுதி வயிற்றிலிருந்து வருவது. குடலெல்லாம் நெஞ்சின் மேல் சரிந்து மூச்சை இன்னும் அடைக்கும். நான் அதை விட்டுவிட்டேன்.

இடது முழங்கைக்குப் பின்னால் நெஞ்சில் கை வைத்துப் பாருங்கள். துடிப்பு இருந்தால் தேய்ப்பதை நிறுத்த வேண்டாம். துடிப்பே இல்லையென்றால் மனதைத் தேற்றிக்கொண்டு பசுவைப் பாருங்கள்.

இந்தக் கோளாறுக்கு டாக்டரைக் கூப்பிட வேண்டிய நேரம் கன்று விழுவதற்கு முன்னால். கால் வெளியே தெரிந்து, பசு அரை மணி நேரம் நன்றாக முக்கியும் நகரவில்லை என்றாலோ, கால் வந்து தலை வரவில்லை என்றாலோ, வால்தான் முதலில் தெரிகிறது என்றாலோ, ஆளைச் சேர்த்து இழுக்காமல் போனை எடுங்கள்.

உயிர் இருக்கிறது, ஆனால் எழவில்லை

நல்ல கன்று அரை மணி நேரத்தில் எழ முயலும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் நின்றுவிடும். அதற்கு மேல் போனால் விரலை வாயில் வையுங்கள்.

*வாய் சூடு, நன்றாகச் சப்புகிறது, ஆனால் நிற்கவில்லை.* தரையைப் பாருங்கள். சிமெண்டுத் தரையில் பனிக்குடத் தண்ணீர் கொட்டிக் கிடந்தால் எந்தக் கன்றும் வழுக்கத்தான் செய்யும். சாக்கும் காய்ந்த புல்லும் விரித்து அதன் மேல் நிறுத்துங்கள். செலவில்லாத வைத்தியம்.

தரை சரி என்றால் முன்னங்காலைப் பாருங்கள். குளம்பு உள்பக்கம் மடங்கியிருக்கிறதா? கையால் மெல்ல நீட்டிப் பார்த்தால் நேராக வருகிறது என்றால், ஒரு நாளைக்கு நாலைந்து தடவை நீவிவிட்டால் பெரும்பாலும் ஒரு வாரத்தில் தானாகச் சரியாகும். கையால் நீட்டியும் நேராகவில்லை என்றால் கட்டுப் போட வேண்டும். பிவிசி குழாயைப் பிளந்து, பஞ்சு வைத்துக் கட்டுவார்கள். முதல் தடவை டாக்டரோ கால்நடை ஆய்வாளரோ கட்டிக் காட்டட்டும். இறுக்கிக் கட்டினால் தோல் புண்ணாகிக் காலே போய்விடும்.

*வாய் சில்லென்று இருக்கிறது.* மலையில் நான் அதிகம் பார்த்தது இதைத்தான். இங்கே ஒரு விதி: குளிர்ந்த கன்றுக்கு முதலில் சூடு, பிறகு பால்.

தெர்மாமீட்டர் 100-க்குக் கீழே காட்டினால், சாக்கால் துடைத்து முடி நட்டுக்கொண்டு நிற்கும் வரை காய வையுங்கள். பசு நக்கட்டும், அதுபோல வேறு துவாலை இல்லை. வெந்நீர் ஊற்றிய பாட்டில்களைத் துணியில் சுற்றி வயிற்றின் இரண்டு பக்கமும் வைத்து மேலே சாக்குப் போர்த்துங்கள். காற்றடிக்கும் வாசல் பக்கம் இல்லாமல் மூலையில் போடுங்கள். கங்குச் சட்டியைக் கன்றின் பக்கத்தில் வைத்துக் கதவைச் சாத்துகிற பழக்கம் எங்கள் ஊரில் உண்டு. அந்தப் புகை நுரையீரலைக் கெடுக்கும். அதை வெளியே வைத்து வெந்நீர் போடுங்கள்.

95-க்கும் கீழே போய்விட்டது, அல்லது தெர்மாமீட்டர் எண்ணே காட்டவில்லை என்றால் துடைப்பது போதாது, வெந்நீர்த் தொட்டிதான். ஒரு மார்கழி, விடிய மூன்று மணி. தலையீத்துப் பசு தொழுவத்துக்கு வெளியே ஓடையோரம் கன்று போட்டிருந்தது. வாயில் விரலை விட்டால் ஊற்றுத் தண்ணீரில் விட்டதுபோல இருந்தது. நாக்கு அசையவில்லை. நீல பீப்பாயைப் பாதியாக அறுத்து வைத்திருந்த தொட்டியில் முழங்கை பொறுக்கிற சூட்டில் தண்ணீர் ஊற்றி, கழுத்து வரை இறக்கி, நான் தலையைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். மதினி கொதிநீரை ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டே இருந்தாள். முக்கால் மணி நேரம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் என் விரலைச் சுற்றி நாக்கு மெல்லச் சுருண்டது. அந்தக் கன்று இப்போது இரண்டாவது ஈத்துக்குச் சினையாக நிற்கிறது. தொட்டியிலிருந்து எடுத்ததும் எலும்பு வரை காய்கிற மாதிரித் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் செய்ததெல்லாம் வீண். இந்த அளவு குளிர்ந்த கன்றென்றால், சூடேற்றிக்கொண்டே டாக்டருக்கும் சொல்லிவிடுங்கள்.

*வாய் சூடு, ஆனால் சப்பவில்லை.* இழுத்துப் பறித்த கன்று என்றால் நாக்கு வீங்கியிருக்கும், முகம் உப்பியிருக்கும். ஓரிரு நாளில் வற்றிவிடும். ஆனால் சீம்பால் அதுவரை காத்திருக்காது. நிப்பிள் பாட்டிலில் பொறுமையாகக் கொடுத்துப் பாருங்கள். முடியவில்லை என்றால் வயிற்றுக்குள் குழாய் விட்டு ஊற்ற வேண்டும், அது பழகியவர் வேலை.

இந்த இடத்தில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். முன்பொரு கன்று சப்பாமல் கிடந்தபோது, மருந்து புகட்டும் மூங்கில் குழாயில் சீம்பாலை ஊற்றி, தலையை மேலே தூக்கிப் பிடித்துப் புகட்டினேன். குடித்துவிட்டது என்று நிம்மதியாகப் படுக்கப் போனேன். காலையில் மூக்கில் பால் நுரையோடு மூச்சு கறகறவென்று இழுத்துக்கொண்டிருந்தது. பால் நுரையீரலுக்குப் போயிருந்தது. இரண்டாம் நாள் போய்விட்டது. விழுங்கத் தெரியாத வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

கன்று நிற்கிறது, பால் மட்டும் குடிக்கவில்லை

கன்றைக் குறை சொல்வதற்கு முன் மடியைப் பாருங்கள். காம்பு நுனியில் மெழுகு போல அடைப்பு இருக்கும், நான்கு காம்பிலும் இரண்டு பீச்சு பீச்சிவிட்டால் போதும். மடி வீங்கிக் கல் மாதிரி இருந்தால் கன்றால் காம்பைப் பிடிக்க முடியாது, கொஞ்சம் கறந்து இளக்குங்கள். பல ஈத்துக் கண்ட பசுவுக்கு மடி தொங்கிவிடும். கன்று மேலேயே முட்டிக்கொண்டிருக்கும், காம்பு முழங்காலுக்குக் கீழே இருக்கும். தலையீத்துப் பசு உதைக்கும், ஒரு ஆள் பிடிக்க வேண்டும். எதுவும் நடக்கவில்லை என்றால் கறந்து பாட்டிலில் கொடுங்கள்.

அளவு: கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால் முதல் நாளுக்குள் உள்ளே போக வேண்டும். 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர். அதில் ஒரு லிட்டருக்குக் குறையாமல் முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில். நேரம் ஆக ஆக அதன் எதிர்ப்புச் சக்தியை ஏற்கும் திறன் கன்றின் குடலுக்குக் குறையும், ஒரு நாள் கழிந்தால் கிட்டத்தட்ட இல்லை.

‘நஞ்சு (நஞ்சுக்கொடி) விழட்டும், அப்புறம் கறக்கலாம்’ என்று அப்பத்தா சொல்வார். அவர் சொன்ன எத்தனையோ சரி, இது மட்டும் தப்பு. நஞ்சு விழ எட்டு மணி நேரமும் ஆகலாம், கன்றுக்கு அவ்வளவு நேரம் இல்லை. கறப்பதால் நஞ்சு நின்றுவிடாது, கன்று சப்பினால் சீக்கிரம் விழவே வாய்ப்பு அதிகம். இன்னொன்று, பசு ஈன்ற சேதி கேட்டதும் தூக்குச்சட்டியோடு வரும் சொந்தபந்தம். கருப்பட்டியும் ஏலக்காயும் போட்டுச் சீம்பால் கிண்டினால் எனக்கும் பிடிக்கும்தான். கன்று வயிறு நிறைந்த பிறகு மிஞ்சினதைக் கொடுங்கள்.

மிச்சம் இருந்தால் ஒரு லிட்டர் பாட்டிலில் பிரீசரில் போட்டு வையுங்கள். அடுத்த பசு பால் விடாமல் போனால் அதுதான் காப்பாற்றும். உருக்கும்போது வெதுவெதுப்பான தண்ணீரில் பாட்டிலை மிதக்க விடுங்கள். அடுப்பில் வைத்தால் திரிந்துவிடும். வேறு எந்தப் பசுவின் சீம்பாலும் கிடைக்காத நிலையில் சாதாரணப் பாலைக் கொடுத்துப் பசியை ஆற்றலாம், ஆனால் எதிர்ப்புச் சக்தி வராது. அப்படிப்பட்ட கன்றைப் பற்றி அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள்.

கழிச்சல்

நிறத்தைப் பார்த்துப் பயப்படுவதைவிடக் கன்றைப் பாருங்கள். துள்ளிக்கொண்டு, பால் கேட்டு முட்டுகிறதா, சுருண்டு படுத்திருக்கிறதா?

*துள்ளுகிறது, சாணம் மட்டும் இளகல்.* பெரும்பாலும் பால் விஷயம். அதிகம் குடித்திருக்கும், ஆறிய பாலைக் கொடுத்திருப்போம், காலையில் ஆறு மணிக்கும் மறுநாள் ஒன்பது மணிக்கும் என்று நேரம் மாற்றியிருப்போம், அல்லது பாட்டில் நிப்பிளில் பழைய பால் புளித்திருக்கும். நிப்பிளை உள்வெளியாகத் திருப்பி மோந்து பாருங்கள், விடை அங்கேயே கிடைக்கும். பாலை மூன்று வேளையாகப் பிரித்து இளஞ்சூட்டில் கொடுங்கள்.

*இளகல் தண்ணீராக மாறிவிட்டது.* கழுத்துத் தோலைக் கிள்ளி விடுங்கள். இரண்டு வினாடிக்குள் படிந்தால் தேவலை. மெல்ல மெல்லப் படிந்தால் உடம்பில் தண்ணீர் வற்றுகிறது. கண் உள்ளே போயிருக்கிறதா பாருங்கள். ஓஆர்எஸ் பாக்கெட்டைக் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, இளஞ்சூடாக, பாட்டிலில் கொடுங்கள். ஒரு நாளில் இரண்டு மூன்று தடவை. பாலோடு கலக்கக் கூடாது, பாலுக்கும் இதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

பாலை நிறுத்தாதீர்கள். ‘வயிறு காயட்டும்’ என்று இரண்டு நாள் பாலை நிறுத்தி, கழிச்சல் நின்று கன்றும் நின்றுபோன வீடு எங்கள் தெருவிலேயே உண்டு. குளிரில் அதற்கு அந்தப் பால்தான் விறகு. கைவைத்தியம் செய்கிறவர்கள் செய்யுங்கள், ஓஆர்எஸ்ஸுக்குக் கூடுதலாக, அதற்குப் பதிலாக அல்ல. வீட்டில் மிஞ்சிய ஆன்டிபயாடிக் மாத்திரையைப் பொடித்துப் போடும் வேலை வேண்டாம்.

*பத்து நாள் தாண்டிய கன்று, நாற்றமடிக்கும் சேறு போன்ற கழிச்சல், வயிறு மட்டும் பானை, முடி சொரசொரப்பு.* உருண்டைப் புழுவாக இருக்கலாம். முதல் குடற்புழு மருந்தைப் பிறந்த 10 முதல் 15 நாளில் கொடுக்கச் சொல்வார்கள். மருந்தின் பெயரும் அளவும் கன்றின் எடையை வைத்து கால்நடை மருந்தகத்தில் கேட்டு வாங்குங்கள்.

உடனே போன் எடுக்க வேண்டிய நிலைகள்: பிறந்து நாலைந்து நாளுக்குள் தண்ணீராகப் போவது (இந்த வயதில் ஒரே நாளில் தீர்த்துவிடும்), சாணத்தில் ரத்தம், கண் குழி விழுந்தது, எழ முடியாமை, வாய் சில்லிட்டது. சப்பாத கன்றுக்கு வாய்வழியாக எதுவும் உதவாது, நரம்பில் குளுக்கோஸ் ஏற்ற வேண்டும்.

அப்புறம் படுக்கை. கன்று படுக்கும் இடத்தில் முட்டி போட்டு இருபது எண்ணுங்கள். எழுந்து பார்த்தால் வேட்டியில் ஈரம் தெரிகிறதா? அதே ஈரத்தில்தான் கன்று இரவு முழுக்கக் கிடக்கிறது. மாற்றுங்கள். எங்களுக்கு வைக்கோல் கீழே வத்தலக்குண்டு பக்கமிருந்து லாரியில் ஏறி வர வேண்டும், விலை கூடுதல்தான். ஆனாலும் கன்றுக்கென்று ஒரு கட்டு ஒதுக்கி வைத்திருக்கிறேன். கழிச்சல் கன்றைத் தொட்டவர் சோப்புப் போட்டுக் கழுவாமல் குழந்தையைத் தூக்க வேண்டாம், சில கிருமிகள் மனிதர்களுக்கும் தொற்றும்.

தொப்புள் காயவில்லை

ரத்தம் சொட்டினால் வயிற்றிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி நூலால் கட்டுங்கள். சிறு கிண்ணத்தில் டிங்சர் அயோடின் ஊற்றி, தொப்புள்கொடி முழுக்க மூழ்கும்படி பிடியுங்கள். மேலே தடவினால் மட்டும் போதாது. பிறந்ததும் ஒரு தடவை, அப்புறம் இரண்டு மூன்று நாள் காலையும் மாலையும். சாணம், அடுப்புக்கரி எதுவும் வைக்க வேண்டாம்.

ஒரு வாரத்தில் சுருங்கிக் காய்ந்த சுள்ளி மாதிரி ஆகிவிட வேண்டும். வீக்கம் இருந்தால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று, வலியில்லாமல், உள்ளே போய்விடுகிறது என்றால் குடலிறக்கம். சின்னதாக இருந்தால் வளர வளர மூடிக்கொள்ளலாம், அடுத்த முறை டாக்டர் வரும்போது காட்டினால் போதும். சூடாக, தொட்டால் உதைக்கிறது, நாற்றம் வருகிறது என்றால் சீழ். அன்றே காட்டுங்கள். முழங்கால் மூட்டு வீங்கி நொண்டினால் அதற்கும் மேல், கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது. ஒரு நாள் தள்ளினாலும் மூட்டு நிரந்தரமாகப் போய்விடலாம்.

இருமல், வேகமான மூச்சு

படுத்திருக்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். 60-ஐத் தாண்டினால் கோளாறு. காய்ச்சலும் பாருங்கள். 103.5-க்கு மேல் இருந்தால், அல்லது மூக்கில் கெட்டியான சளி, வாயைத் திறந்து மூச்சு விடுவது என்றால், அன்றைக்கே டாக்டர். நிமோனியாவுக்குக் கஷாயம் போதாது.

வெறும் இருமல், பால் குடிக்கிறது என்றால் தொழுவத்தைப் பாருங்கள். குளிருக்குப் பயந்து நாங்கள் நான்கு பக்கமும் தார்ப்பாய் கட்டி மூடிவிடுவோம். உள்ளே மூத்திர நெடி கண்ணை எரிக்கும். நாம் நிற்கும் உயரத்தில் தெரியாது, கன்றின் மூக்கு உயரத்துக்குக் குனிந்து மோந்து பாருங்கள். தார்ப்பாயைக் கீழே இறுக்கி, கூரையோரம் ஒரு முழம் திறந்து விடுங்கள்.

வயிறு உப்பல், சாணம் போடவில்லை

முதல் சாணம் கருத்து, பிசினாக, ஒரு நாளுக்குள் வந்துவிடும். வரவில்லை என்றால் சீம்பால் போதவில்லை என்பதுதான் முதல் சந்தேகம். ஆனால் வாலைத் தூக்கிப் பார்த்துவிடுங்கள். அரிதாக ஆசனவாய்த் துவாரமே இல்லாமல் பிறக்கும். முக்கும், வயிறு உப்பும், ஒன்றும் வராது. அறுவை சிகிச்சைதான், தள்ளிப்போட முடியாது.

பால் குடித்தபின் இடது வயிறு உப்பினால் எழுப்பி நடக்க விடுங்கள், முன்பக்கம் மேடாக நிறுத்தி நீவுங்கள். தட்டினால் மத்தளம் போல ஒலித்து, மூச்சும் வாங்கினால் காத்திருக்க வேண்டாம்.

போனில் என்ன சொல்வது

1962-க்கு (கால்நடை ஆம்புலன்ஸ் எண்) கூப்பிட்டாலும் சரி, மருந்தகத்துக்குப் பேசினாலும் சரி, ‘கன்னுக்குட்டி சரியில்லைங்க’ என்று மட்டும் சொன்னால் எதிர்முனையில் இருப்பவர் என்ன செய்வார்? பிறந்து எத்தனை மணி நேரம் அல்லது நாள், தெர்மாமீட்டர் எவ்வளவு காட்டியது, விரலைச் சப்புகிறதா, கடைசியாக எப்போது எவ்வளவு குடித்தது, எத்தனை தடவை கழிந்தது, என்ன கொடுத்தீர்கள். இவற்றை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு, சிக்னல் கிடைக்கும் வளைவுக்கு ஏறுங்கள். கைவைத்தியம் ஏதாவது கொடுத்திருந்தால் மறைக்காதீர்கள், திட்டு வாங்கினால் வாங்கிக்கொள்ளலாம்.

ஜீப்பில் கன்றைக் கொண்டுபோவதானால் நான்கு காலையும் கட்டிப் பக்கவாட்டில் போடாதீர்கள். சாக்கில் சுற்றி, நெஞ்சு கீழே இருக்கும்படி மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார வேண்டும். தலை தொங்கக் கூடாது. வளைவுக்கு வளைவு வாயில் விரலை விட்டுச் சூடு பாருங்கள்.